லேத்தின் மறுகோடி

ஐந்து லேத் பார்த்து ஐந்தையும் வேண்டாமென்று தள்ளிவிட்டார் சகலை. இது ஆறாவது. அதுவும் பன்னிரண்டு மணி வரைதான் லேத், அதற்கப்புறம் பழைய இரும்பு. பட்டறை வாசலில் காஸ் கட்டர்காரர் தன் கிரேன் லாரியின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பட்டறையை மூடியாகிவிட்டது. உள்ளே இருக்கிற இரும்பெல்லாம் எடைக்கு அவருக்கு. யாராவது முழு மெஷினாகக் கேட்டால் கொடுப்பார், கேட்காவிட்டால் வெட்டி ஏற்றுவார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கிய முதுகு. போன மாசம் குனிந்தவன் நிமிரவில்லை. நாலு பேர் பலகையில் போட்டு மூட்டை மாதிரியே தூக்கிப்போனார்கள். இனி பத்து கிலோவுக்கு மேல் தூக்கினால் நிரந்தரப் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை, பூல் ஆட்டத்தில் பந்தைத் தட்டுகிற நீளக் குச்சி, கியூ, அதைப் பழுது பார்ப்பது. சாயங்காலங்களில் பூல் ஹாலில் உட்கார்ந்து முனைத் தோல் மாற்றுவேன், பிளந்த மரத்தை ஒட்டுவேன். சொந்தமாகக் கியூ செய்ய லேத் வேண்டும். ஹால் மேனேஜர் பின்னறையை எனக்கென்று வைத்திருந்தார். "ஒண்ணாம் தேதிக்குள்ள மெஷினோட வா. இல்லேன்னா ஜூஸ் கடைக்காரன் நச்சரிக்கிறான், அவனுக்கு விட்டுடுவேன்" என்றார். இன்றைக்கு இருபத்தொன்பது.

"சகல, மணி பதினொண்ணு."

"மணி அதுபாட்டுக்கு ஆகும். நீ கொஞ்சம் சும்மா நில்லு. உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

சகலை என் மனைவியின் அக்கா புருஷன். முப்பது வருஷமாக லேத் ஓட்டும் டர்னர். மேசை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவார். முதலில், நான் கொண்டுபோயிருந்த கியூவின் தடித்த அடிப்பாகத்தை மெஷின் தலையில் சுழலும் ஸ்பிண்டிலின் ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். தாராளமாகப் போனது. இரண்டாவது லேத் அங்கேதான் அடிபட்டது. அப்புறம் ஒரு நேரான கம்பியை மெஷினில் மாட்டி, மட்டம் காட்டும் டயல் கேஜை அதில் தொடவைத்து, டூல் பிடிக்கும் சேடிலை, அது ஓடுகிற இரும்புப் படுகையான பெட்டின்மேல் மெல்ல நகர்த்தினார். சாமானைக் கவ்விச் சுற்றுகிற சக் பக்கம் நெருங்க நெருங்க டயல் முள் சரிந்துகொண்டே போனது.

"போச்சு. சக் பக்கத்துல பெட் தேஞ்சு பள்ளமா கெடக்கு. எந்தப் புண்ணியவான்யா ஓட்டினது இதை?"

"நான்தான்."

கதவோரம் ஸ்டூலில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஆண்கள் சட்டை, முழங்கை வரை ஏறிய கிரீஸ் கறை. பட்டறையைப் பூட்டி முதலாளியிடம் சாவி கொடுப்பதற்காக இருத்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"இருபத்திரண்டு வருஷம். ஒரே சாமான், பம்புக்குள்ள போடுற வளையம், புஷ். இத்தனூண்டு." கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். "அதனால என் பேரே புஷ் அக்கா. பெட்டை நான் திங்கல சார். எண்ணெய் கேட்டா எச்சில் தொட்டு ஓட்டச் சொன்னான் முதலாளி. அவன்கிட்ட கேளுங்க."

"அட, நான் பொதுவாச் சொன்னேம்மா."

"பொதுவா இந்த மெஷின் முன்னால நின்னது நான் ஒருத்திதான்."

சகலை டயலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பெட்டியை மூடினால் தீர்ப்பு முடிந்தது என்று அர்த்தம். லேத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். கை சும்மா இருக்காமல் பெட்டின் மேலேயே இழுபட்டு வந்தது. சக் பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. ஓரடி தாண்டியதும் விரலில் ஏதோ நிரடியது. குனிய முடியாததால் மண்டியிட்டுப் பார்த்தேன். மெஷின் செய்த காலத்தில் கையால் சுரண்டி மட்டம் பிடித்த கோடுகள், மீன் செதிள் மாதிரி, அப்படியே இருந்தன.

"அக்கா, இந்தப் பக்கம் சேடில் வந்ததே இல்லையா?"

"அங்க எனக்கு என்ன வேலை? மத்தியானம் சாப்பாட்டு டப்பா வெப்பேன்."

"சகல, இது அஞ்சடி பெட். என் கியூவோட மேல் துண்டு ரெண்டரை அடிதான். நான் இந்தப் பக்கமே கடைஞ்சா?"

"சக் அங்க இருக்கு. உன் குச்சி இங்க அந்தரத்துல சுத்துமா?"

"நடுவுல ஒரு அடிக்குத் தடிச்ச ராடு மாட்டிட்டா?"

சகலை மூடிய பெட்டியை மறுபடி திறந்தார். புஷ் அக்கா மூலையிலிருந்து மணிக்கட்டுத் தடிமனில் ஒரு ராடை இழுத்து வந்து சக்குக்குள் இறுக்கினார். இத்தனை வருஷம் அவர் நின்ற இடத்தில் சிமென்ட் தரை இரண்டு பாதங்களின் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பார்க்காமலேயே அதில் போய் நின்றார். ராடின் முனையில் துளை போட்டு, பக்கத்தில் ஒரு திருகு வைத்துக் கொடுத்தார்.

"எந்த மரம்?" என்று கேட்டார் அக்கா.

பையிலிருந்து எடுத்தேன். ஒன்றரை வருஷம் பரண்மேல் தொங்கவிட்டுக் காயவைத்த மேப்பிள். இந்தத் தரத்தில் என்னிடம் இருந்தது இது ஒன்றுதான். முடிக்க வேண்டிய அளவுக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம். வேறு கட்டையில் சோதித்தால் மரம் சரியில்லை என்பார் சகலை. இதில் கெட்டால் இதுவும் போச்சு, லேத்தும் போச்சு.

வெளியே ஹாரன் அடித்தது. "என்னப்பா, முடிவாச்சா? வெயில் ஏறுது!"

மரத்தை ராடின் துளைக்குள் செருகி மாட்டினேன். வளையாமலிருக்கப் பின்னால் தாங்குகட்டை வைத்தேன். மோட்டார் ஓடியது. சேடில் சக்கரத்தைக் கையால் சுற்றி டூலை நகர்த்தினேன். தூள் பறந்தது. ஹாரன் மறுபடி அடித்தது. சுற்றிக்கொண்டே வாசலைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன்.

நிறுத்திக் கழற்றி, செதிள் கோடு போட்ட பெட்டின்மேல் மரத்தை உருட்டி நேர் பார்த்தார் சகலை. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே அங்கங்கே வெளிச்சம் கசிந்தது.

"பாத்தியா. நான் சொன்னேன்ல? வா, போலாம்."

புஷ் அக்கா மரத்தை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் நகத்தால் இழுத்தார்.

"சார், பெட் தேஞ்சிருந்தா எப்படி இருக்கும்? ஒரே சரிவா சரியும். இது பாருங்க, மேடு பள்ளம், மேடு பள்ளம், பதினஞ்சு எடத்துல. இது மெஷின் இல்ல. இவர் கை." என் பக்கம் திரும்பினார். "காலையிலேருந்து பாக்குறேன். காலுல வெந்நீரை ஊத்திக்கிட்ட மாதிரியே திரியறீங்க. சக்கரத்தை ஒரு இழு, ஒரு நிறுத்து. வீட்டுலயும் இப்படித்தானா?"

"வீட்டுல இதைவிட மோசம்மா" என்றார் சகலை.

மிச்சம் அரை மில்லிமீட்டர். இன்னொரு தடவைக்குத்தான் மரத்தில் சதை இருந்தது.

அக்கா மாட்டினார். முடியளவு வெட்டு வைத்தார். ஆட்டோ ஃபீட் லீவரைத் தட்டியதும் சேடில் தானாக, எறும்பு வேகத்தில் ஊர்ந்தது. என் கை தானாகச் சக்கரத்தை நோக்கிப் போனது.

"கையை எடுங்க. ரெண்டு கையும் பாக்கெட்டுல."

போட்டேன்.

எட்டு நிமிஷம். லாரியில் ஏற்றி இறக்க வேண்டிய மூட்டைகளைத் தவிர வேறெதையும் எட்டு நிமிஷம் நின்று பார்த்தவனில்லை நான். பாக்கெட்டுக்குள் பஸ் டிக்கெட் ஒன்று தூளாகிக்கொண்டிருந்தது. கட்டர்காரர் உள்ளேயே வந்துவிட்டார். ஏதோ கேட்க வாய் திறந்தவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுச் சும்மா நின்றார். மெல்லிய சுருள், நூல் மாதிரி, அறுபடாமல் விழுந்துகொண்டே இருந்தது.

சகலைதான் உருட்டினார். ஒரு தடவை. மரத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு தடவை. மண்டியிட்டுக் கன்னத்தைப் பெட்டோடு ஒட்டிப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை. டயல் பெட்டியை மூடிக் கக்கத்தில் இடுக்கினார்.

"டர்னர் எவனுக்கும் இது ஆகாது. உனக்கு ஆகும்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

"அக்கா, உங்களுக்கு வருத்தமா இல்லையா, இது போறதுல?"

"வருத்தமா? என் ரெண்டு முட்டியையும் தின்ன மெஷின் இது. வெட்டிருந்தா உக்காந்து வேடிக்கை பாத்திருப்பேன்." சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார். "அந்த ராடை மறந்துடாதீங்க. நல்ல இரும்பு."

கட்டர்காரர் சங்கிலியைக் கொண்டுவந்து சுற்றினார். மெஷின் அடியில் உருளைகளைச் செருகினார்கள். மெஷினின் ஒரு முனையைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் வாசலுக்கு நேராகிவிடும். பதினெட்டு வருஷப் பழக்கம், தோளைக் கொடுக்கக் குனிந்துவிட்டேன்.

"ஏய்!" என்று சகலையும் அக்காவும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

நிமிர்ந்தேன். அவர்கள் மூவரும் தள்ளினார்கள், சும்மா நின்றிருந்த எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. கை இரண்டும் மறுபடி பாக்கெட்டுக்குள் போயின.