கதவு திறக்கிறவன்

...வலதுகால்தான், மெல்கெர் வலதுகாலைத்தான் பார்த்துப் பார்த்து ஊன்றுகிறான், அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ, வருஷக்கணக்காக இன்னொரு கோல்கீப்பரின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எது வலி எது பழக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடுகிறது... கதவு. திற. மூன்று பேர் மூச்சிரைக்க உள்ளே வந்து விழுகிறார்கள், மூன்று பேர் பனிக்களத்துக்குள் பாய்கிறார்கள், மூடு. "டேய் மோர்ட்டன், இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா என் மூக்கு கதவுல ஒட்டியிருக்கும்டா" என்கிறான் யோரன், தண்ணீர்ப் புட்டியைப் பிடுங்கி முகத்தில் பீச்சிக்கொண்டே. ஒட்டியிருந்தால் உன் முகத்துக்கு அழகு கூடியிருக்கும் என்று சொல்ல நினைக்கிறேன், சொல்லவில்லை, இன்றைக்கு யாருக்கும் சிரிக்கிற மனசு இல்லை. இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருக்கிறோம், கடைசிப் பகுதி, இதை விட்டால் அடுத்த வருஷம் கீழ்ப்பிரிவு, ஊரின் ஐஸ் ஹாக்கி அணி கீழே போனால் காகித ஆலையில் வேலை பார்க்கிற பாதிப் பேர் குளிர்காலம் முழுக்க ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். நான் என்ன செய்ய முடியும், நான் பெஞ்சின் கோடியில் கதவருகே நிற்கிறவன், இரண்டாவது கோல்கீப்பர், தலையில் கம்பளித் தொப்பி, கால்களில் நனையாத கால்காப்பு.

பின்னாலிருந்து பெரியவர் ஸ்தூரே குரல் கொடுக்கிறார், கண்ணாடித் தடுப்புக்கு மேலாகப் பிளாஸ்க்கை நீட்டிக்கொண்டு. "காப்பி குடிக்கிறியா மோர்ட்டன்? நீ சும்மாதானே நிக்கறே!" எல்லா ஆட்டத்திலும் இதையே கேட்கிறார், எல்லா ஆட்டத்திலும் நான் கையை ஆட்டி மறுக்கிறேன். சும்மா நிற்பது... ஆறு வயதில் உறைந்த விரிகுடாவின் பனியில் விளையாடியபோதே எனக்குப் பிடித்தது அதுதானே, எங்கள் அணிப் பிள்ளைகள் எல்லாரும் எதிர்ப்பக்கம் ஓடிப்போய்விடுவார்கள், கோல் வலைக்குமுன் நான் மட்டும், பனியில் மல்லாந்து படுத்து மேலே பார்ப்பேன், நீலச் சாயங்காலம், வெண்துகள்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன், ஒன்று கண்ணிமையில் வந்து உட்காரும், தூரத்தில் யாரோ "எந்திரிடா, வர்றாங்க!" என்று கத்துவார்கள். எழுந்தேனா? கோலா? அது ஞாபகம் இல்லை, இமையில் உட்கார்ந்த பனி மட்டும் இருக்கிறது. அப்புறம் எப்படி இது பிழைப்பாயிற்று, யார் முடிவுசெய்தது, பதினெட்டு வயதில், இளம் ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நாளில், அமெரிக்காவிலிருந்து ஒரு அணி என் பெயரைக் கூப்பிட்டது, கடைசிச் சுற்றில், அரங்கம் பாதி காலியான பிறகு. ஒரு கோடை அங்கே போனேன், வெளியே தார்ச்சாலை உருகுகிற வெயில், உள்ளே பனி, சட்டையில் என் பெயரைத் தப்பாகத் தைத்திருந்தார்கள், நான் திருத்தச் சொல்லவில்லை, எப்படியும் திருப்பி அனுப்பத்தான் போகிறார்கள் என்று அப்போதே தெரிந்திருந்ததோ... பிறகு நார்வேயில் அரை சீசன், டென்மார்க்கில் ஒன்று, பன்றித் தீவன வாசனை அடித்த அரங்கம், பிறகு சொந்த ஊர், இந்தக் கதவு. திற. மூடு.

இன்றோடு சரி. இது இல்வாவுக்கு மட்டும் தெரியும். என் மனைவி, காலையில் என் பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள், "நெஜமாவே ரோல்ஃப்கிட்ட இன்னும் சொல்லலியா?" ஆட்டம் முடியட்டும், பயிற்சியாளர் தலையில் இன்றைக்கு வேறு பாரம் இருக்கிறது என்றேன். கோடை முடிந்ததும் தீயணைப்பு நிலையத்தில் வேலை, தேர்வெல்லாம் ஆயிற்று. "அங்கேயும் மணி எப்ப அடிக்கும்னு உக்காந்துட்டுத்தான் இருக்கப்போறே" என்று சிரித்தாள், நானும் சிரித்தேன், பிறகு காரில் வரும்போது அது சிரிக்கிற விஷயம்தானா என்று...

சத்தம். ஏதோ முறிந்த மாதிரி. தலையைத் திருப்புகிறேன், எதிரணியின் பெரிய ஆள் ஒருவன் வலையோடு வலையாகக் கிடக்கிறான், அவனுக்கு அடியில் மெல்கெர். பெரிய ஆள் எழுந்துவிட்டான். மெல்கெர் எழவில்லை. அரங்கமே அடங்கிப்போய், கூரையில் குளிர்ப்பதனக் குழாய்கள் ரீங்கரிப்பது கேட்கிறது, இத்தனை வருஷத்தில் கூட்டம் நிறைந்திருக்கும்போது அதை நான் கேட்டதே இல்லை. இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வருகிறான், வலதுகால் தரையில் படவில்லை, எப்போதும் போல நான்தான் அவனுக்குக் கதவைத் திறக்கிறேன். இருபத்திரண்டு வயது, முகம் வெளுத்திருக்கிறது. "அவங்க எட்டாம் நம்பர் தோளுக்கு மேலதான் வட்டு அடிப்பான், சீக்கிரம் கீழ எறங்கிடாத" என்கிறான் என் காதருகே, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. அப்போதுதான் எனக்கு உறைக்கிறது. ரோல்ஃப் என்னைப் பார்க்கிறார். கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் கொன்னி என் தொப்பியை உருவிவிட்டு முகமூடியை நீட்டுகிறான். இந்த நேரத்தில் என் மனசில் வருவது பயமா, இல்லை, சந்தோஷமா, அதுவும் இல்லை, வெட்கமாக இருக்கிறது சொல்ல... "கொன்னி, கதவு?" என்று கேட்கிறேன். "அட, கதவ நான் பாத்துக்கறேன், நீ போய்த் தொலைடா!" மேலுதட்டில் அடக்கிய புகையிலை தெரியக் கத்துகிறான், கண் கலங்கியிருக்கிறது அவனுக்கு. வலைக்கு எவ்வளவு தூரம், இரும்புக் கம்பத்தை இடப்பக்கம் ஒருமுறை தட்டுகிறேன், வலப்பக்கம் ஒருமுறை, எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்களா, ஸ்தூரே பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டாரா, நடுவர் விசிலை வாயருகே கொண்டு போகிறார், இன்னும் பத்து நிமிடம் இருக்குமா...

வட்டு.

தோள். கையுறை. மறுபடி வட்டு. யாருடைய மட்டையோ. பனி. கால். வட்டு.

ஆட்டம் முடிந்ததற்கான சங்கு ஊதியது. ஊதியதை முதலில் நான் புரிந்துகொள்ளவில்லை, யோரன் மேலே வந்து விழுந்தான், அவன்மேல் இன்னொருவன், அவன்மேல் எல்லாரும், வியர்வையும் நனைந்த தோலும் நாறுகிற குவியலுக்கு அடியில் மூச்சுக்குத் திணறினேன், "எட்டாம் நம்பர் மூஞ்சியப் பாத்தியாடா, மூணு தடவ, மூணு தடவ தடுத்தியே!" என்று யாரோ என் முகமூடியோடு நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார்கள். மூன்று தடவையா? இரண்டுக்கு ஒன்று, பலகையில் அப்படியே இருந்தது. பெரியவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஸ்தூரே கண்ணாடியைத் தட்டித் தட்டி என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார், காப்பி கேட்கவில்லை. உடைமாற்றும் அறையில் ரோல்ஃப் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முழங்காலைத் தட்டினார். "திங்கக்கிழமை உக்காந்து பேசலாம், வர்ற சீசனப் பத்தி. சரியா?" சரி என்றேன். ஏன் சரி என்றேன்? அப்போதே சொல்லியிருக்கலாமே, வாய்வரை வந்ததே. சொல்லத் தயாராக வைத்திருந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது, ஆனால் வேறு யாரோ எழுதிக்கொடுத்ததைப் போல நாக்கில் ஒட்டாமல்...

வெளியே நடைகூடத்தில் இல்வா காத்திருந்தாள். என் ஈரத்தலையைத் தன் கழுத்துத் துண்டால் துவட்டினாள், கூட்டம் கடந்துபோய்க்கொண்டிருந்தது, கடந்துபோகிறவர்கள் என் முதுகில் தட்டினார்கள். "சொல்லு, எல்லாத்தயும் சொல்லு. உள்ள நிக்கறப்ப என்ன நெனச்சே?" அவளுக்குத் தெரியும், எனக்கு எதையும் நினைக்காமல் ஒரு கதவைக்கூடத் திறக்க வராது, சமைக்கும்போது, கார் ஓட்டும்போது, தூங்குவதற்கு முன்னால், உள்ளே ஒருவன் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பான், அவன் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் என்னோடு குடித்தனம் நடத்துகிறாள். தேடிப் பார்த்தேன். கம்பத்தைத் தட்டியது இருக்கிறது, நடுவரின் விசில் இருக்கிறது, பிறகு யோரனின் எடை இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. "ஒண்ணும் நெனைக்கல" என்றேன். "நீயா?" என்று சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். இந்த ஊர் எத்தனையோ வருஷம் பேசப்போகிற அந்த நிமிடங்களில் நான் இல்லை, வேறு ஒருவன் நின்றிருக்கிறான், பேசாதவன், என் கைகளும் கால்களும் அவனுக்கு நன்றாகப் பழகியிருந்திருக்கின்றன. இத்தனை காலமும் கதவருகே காத்திருந்தது நான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்வா என் பையைத் தூக்கிக்கொண்டாள், வாசல்வழியே மார்ச் மாதத்து வெயில் சாய்வாக உள்ளே விழுந்திருந்தது, நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன்... இன்றோடு போதும் என்று முடிவெடுத்தபோது, அவனை நான் கேட்கவே இல்லையே.