நிகோனுக்கு எதிரான வழக்கு

பழைய கிரேக்க நகரமான சிராகூஸில் கொடுங்கோலர்கள் ஒழிந்த மறுவருடம் ஊர் முழுக்க நில வழக்குகள். துரத்தப்பட்டவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்து, இது என் தகப்பன் நிலம் என்று வரப்பில் நின்றார்கள். யாரிடமும் எழுத்து இல்லை. சாட்சிகளில் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். எவன் பேச்சு நடந்திருக்கக்கூடியதாகத் தோன்றியதோ அவன் பக்கம் ஊரார் தீர்ப்புச் சொன்னார்கள். அதனால் பேசத் தெரிந்தவர்களுக்குத் திடீரென்று மவுசு வந்தது.

அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருவனான சோசிஸுக்குப் பேச்சு நன்றாக வந்தது. அவன் சாட்சியைத் தேடிக்கொண்டு அலையமாட்டான். நடுவர்களைப் பார்த்து, "நீங்க அந்த இடத்துல இருந்தா இப்படிச் செய்வீங்களா?" என்று கேட்பான். அவர்கள் தங்களுக்குள் தலையாட்டிக்கொள்வார்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். மற்றவர்களுக்காக ஆறு வழக்கு ஜெயித்துக் கொடுத்தபிறகு, ஏழாவதாகத் தன் வழக்கைக் கொண்டுபோனான். எதிராளி அவன் சொந்த அண்ணன் நிகோன்.

சோசிஸுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கொடுங்கோலனின் ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்து, அப்பா அவனை மட்டும் தூக்கிக்கொண்டு படகேறினார். பதினேழு வயது நிகோன் கரையில் நின்றுவிட்டான். கடலுக்கு அப்பால் லோக்ரோய் ஊரில் அப்பா பத்தொன்பது வருடம் பிறர் தோட்டத்தில் ஆலிவ் உலுக்கி, அங்கேயே செத்தார். சாகும்வரை மூத்தவன் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. அது கோபம் என்று சோசிஸ் எடுத்துக்கொண்டான். அந்தக் கோபத்தைத் தன்னுடையதாகவும் ஆக்கிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது அனாப்போஸ் ஆற்றங்கரையில் இருந்த நிலம் நிகோன் கையில் இருந்தது. அவன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "வாடா, உள்ள வா. பாதி உன்னோடதுடா, யார் இல்லேன்னா?" என்றான்.

சோசிஸ் உள்ளே போகவில்லை. "எங்கப்பா அந்நிய ஊர்ல கூலிக்காரனாச் செத்தாரு. நீ இங்க உக்காந்து திராட்சை தின்னுக்கிட்டிருந்தே."

"அப்பாதான்டா இருக்கச் சொன்னாரு. அம்மாவால எந்திரிக்கவே முடியல."

"அப்பா எங்கிட்ட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

வழக்கு நாளில் சந்தைத் திடல் நிறைந்திருந்தது. நிகோனுக்குப் பேச வராது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். "நிலத்தைக் கூலிப்படைக்காரன் ஒருத்தனுக்குக் குடுத்துட்டாங்க. எங்க நிலத்துலயே நான் அவனுக்கு ஏர் ஓட்டினேன். அம்மா அஞ்சு வருஷம் படுத்த படுக்கையா இருந்து செத்துப்போச்சு. கொடுங்கோலன் ஒழிஞ்சதும் கூலிப்படைக்காரன் ஓடிட்டான், நிலம் என் கைக்கு வந்துச்சு. அவ்வளவுதாங்க," என்றான். உட்கார்ந்துவிட்டான்.

சோசிஸ் மெதுவாகத்தான் ஆரம்பித்தான்.

"ஐயாமாரே, உங்கள்ல தகப்பன்மார் எத்தனையோ பேர் இருக்கீங்க. உயிருக்குத் தப்பிப் படகேறுறீங்க. துடுப்புப் போடத் தெரிஞ்ச பதினேழு வயசுப் பிள்ளையை விட்டுட்டு, துடுப்பைத் தூக்கவே முடியாத ஒன்பது வயசுப் பிள்ளையை யாராவது கூட்டிட்டுப் போவீங்களா? போகமாட்டீங்க. மூத்தவன் தானாத்தான் நின்னிருக்கான். ஊரே ஓடும்போது நிக்கிறவனுக்குப் பயமில்ல. ஏன் பயமில்ல? கொடுங்கோலன் எங்க வீட்டுக் குதிரைக்காரனைக்கூட வெட்டினான், இவனை மட்டும் ஏன் விட்டுவெச்சான்? எங்களைக் காட்டிக்கொடுத்தது யாருன்னு நான் சொல்லணுமா?"

கூட்டம் இரைந்தது. பேசப் பேச சோசிஸுக்கே அது உண்மையாகிக்கொண்டு வந்தது. கடைசியில் அவன் அழுதான், அது நடிப்பில்லை. நிகோன் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நிலம் சோசிஸுக்கு ஆனது. ஒற்றன் என்று பெயர் வாங்கியவனுக்கு அதன்பிறகு ஊரில் யாரும் அடுப்புக்கு நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை. நிகோன் மனைவி ஃபிலாவைக் கூட்டிக்கொண்டு அக்ராய் மலைக்குப் போய்விட்டான்.

வசந்தத்தில் புயல் ஓய்ந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் லோக்ரோயிலிருந்து பௌசோன் என்ற கிழட்டுப் படகோட்டி வந்தான். அன்று அப்பாவையும் சோசிஸையும் ஏற்றிப்போனவன் அவன்தான். சோசிஸ் விருந்து வைத்தான். கிழவன் மீனைப் பிய்த்தபடி, "அண்ணன் எங்கப்பா?" என்று கேட்டான். "அந்தப் பையன் படகைப் பிடிச்சுக்கிட்டு அழுதான் பாரு, நெஞ்சுத் தண்ணி வரைக்கும் வந்துட்டான். உங்கப்பன்தான் அவன் விரலை ஒவ்வொண்ணா எடுத்துவிட்டான். அம்மாவைப் பாக்க ஆள் வேணும், நீ இருந்துதான் ஆகணும்னான். நீ படகுப் பாய்க்கு அடியில தூங்கிட்டே."

"அப்பா எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்லுவான்? அந்தப் பேரை எடுத்தா உன் முன்னாடியே அழுதுருவான்."

சோசிஸ் மறுநாளே மலைக்கு நடந்தான். நிகோன் வேறொருவன் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தான். முடி வெளுத்திருந்தது. சோசிஸ் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான்: படகு, தண்ணீர், விரல்கள்.

நிகோன் பொறுமையாகக் கேட்டான். "நீ அன்னைக்குப் பேசினேல்ல, கேட்டுக்கிட்டிருந்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்துருச்சுடா. அப்பா நெசமாவே இருக்கச் சொன்னாரா, இல்ல பயந்து நின்னுட்டு நானாவே அப்படி நெனச்சுக்கிட்டேனான்னு. இப்ப எனக்கே தெரியல."

"சொன்னாருண்ணே! பௌசோன் கண்ணால பாத்திருக்கான்."

"இதையும் நீ நல்லாத்தான் சொல்றே," என்றான் நிகோன்.

சோசிஸ் அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

"நிலத்தைத் திருப்பி எழுதித் தரேன், ஊரார் முன்னாடி சொல்றேன், வாண்ணே."

"வேண்டாம்டா. மறுபடியும் அந்தத் திடல்ல என்னால நிக்க முடியாது."

ஃபிலா பார்லிக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். சோசிஸை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பௌசோனைக் கூட்டிவரலாம் என்று சோசிஸ் ஊருக்கு இறங்கிப் போனபோது கப்பல் கிளம்பியிருந்தது. அடுத்த வசந்தத்தில் பௌசோன் செத்துப்போன செய்திதான் வந்தது.

அதன்பிறகு சோசிஸ் யாருக்காகவும் பேசவில்லை. அறுவடை முடிந்ததும் வருடா வருடம் கழுதையில் பார்லியும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவான். நிகோன் மூட்டையை இறக்க உதவுவான். அம்மாவைப் புதைத்த இடத்தில் புல் வெட்டினாயா என்று கேட்பான். வெட்டினேன் என்பான் சோசிஸ். நிகோன் நம்பலாமா என்பதுபோல் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆடுகளின் பின்னால் போய்விடுவான்.