மூன்றாவது துளை

...அப்படியென்றால் பிளக் செருகுகிற இடத்தில் இந்த மூன்றாவது துளை, எர்த் துளை, சும்மா, பார்வைக்கு, ஒன்பது வருஷமாக இந்தச் சுவரில் இருக்கிறது, பின்னால் ஒரு கம்பியும் கிடையாது, வெறும் சிமெண்டுத் தூள்... மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்த ஸ்யாமளாவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், வயரிங் செய்தவன் மேல், வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் மேல், கல்லூரி பிசிக்ஸ் லேபில் வருஷா வருஷம் எர்த் எர்த் என்று பெண்களிடம் கத்திவிட்டுத் தன் வீட்டுச் சுவரை ஒரு நாளும் கழற்றிப் பார்க்காத தன் மேலேயே, ஆனால் சிரிப்புதான் வந்தது, மூன்று நாளாகத் தேடியது அகப்பட்டுவிட்டதே. கூடத்தின் நடுவில் நான்கு இரும்புக் கால்களில் நின்றது பின்பால் மெஷின், கைப்பிடியை இழுத்துவிட்டால் கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு ஓடுகிற விளையாட்டுப் பெட்டி, மலைமேல் மூடிப்போன ஏதோ கிளப்பிலிருந்து சீதாராமனின் ஆபீஸ் மனமகிழ் மன்றத்துக்கு ஏலத்தில் வந்தது, வந்த அன்றே அவரோடு வேலை பார்க்கும் பிச்சுமணி அதன் ஓரத்து இரும்புப் பட்டையைத் தொட்டு எதிர்ச் சுவரில் போய் மோதினாராம், பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்றது கமிட்டி, 'என் ஆத்துக்காரி சரி பண்ணுவா' என்று இவர் எழுந்து சொல்லியிருக்கிறார், எல்லாரும் சிரித்தார்களாம். அவளைக் கேட்காமலே சொல்லியிருக்கிறார்... எந்த தைரியத்தில்? திங்கட்கிழமை கமிட்டி, இன்று சனி. மெஷினின் பழைய இரண்டு கம்பி வயரைத் தூக்கிவிட்டு மூன்று கம்பி போட்டாயிற்று, உள்ளே இருக்கும் இரும்பையெல்லாம் ஒரே பச்சைக் கம்பியில் கோத்தாயிற்று, அப்படியும் டெஸ்டரை வைத்தால் மினுக்கென்று எரிந்ததே, எரியாமல் என்ன செய்யும், பச்சைக் கம்பி போய்ச் சேர்ந்த இடம் இந்த ஓட்டைத் துளை.

தரைக்குள் இறக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை, கொல்லைப்புறத்தில் கிணற்றடி ஓரம் எப்போதும் ஈரம், அங்கேதான். வாரம் ஒருமுறை தோட்ட வேலைக்குக் கீழக்குயில்குடியிலிருந்து வரும் மலையம்மாள் கடப்பாரையும் மம்பட்டியுமாக இறங்கிவிட்டாள், இடுப்பளவு போனதும் நிமிர்ந்து, "இம்புட்டு ஆழம் எதுக்கு டீச்சரம்மா, தென்னங்கன்னா வைக்கப் போறீக?" என்றாள். "கரண்டுக்கு. தப்பிச்சு வர்ற கரண்ட் மனுஷா மேல பாயாம இதுல இறங்கிடும்." மலையம்மாள் குழியை ஒரு தரம் பார்த்தாள், "அப்ப இன்னுஞ் செத்த தோண்டுவோம், பெறகு இடம் பத்தலன்னு திரும்பி வந்துறப் போவுது." குழிக்குள் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் கரி, மேலே கல்லுப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு... ஊறுகாய் ஜாடி நிரப்புகிற மாதிரிதான் இருக்கிறது, வீட்டு உப்பு முழுக்கப் போயிற்று, ராத்திரி ரசத்துக்கு என்ன செய்வது, போகட்டும், நான்கு குடம் தண்ணீர் ஊற்றியதும் மண் கொப்பளித்துக் குடித்தது. குழாயிலிருந்து கம்பியை ஜன்னல் வழியே இழுத்து வந்து அந்தத் துளைக்குப் பின்னால் முறுக்கிப் போர்டை மூடியபோது சேற்றுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள், மணி நாலு.

மெயினைப் போட்டாள், ஃபேன் சுழன்றது, மெஷின் ஸ்விட்சையும் போட்டாள். டப். வீடே அணைந்தது, ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது, மலையம்மாள் "அய்யய்யோ" என்றாள், ஸ்யாமளா கைதட்டினாள். பியூஸ் போய்விட்டது! போக வேண்டும், போனால்தான் சரி, இத்தனை நாள் இரும்பில் பதுங்கிக்கொண்டு யார் கை படும் என்று காத்திருந்தது இப்போது வழி கிடைத்ததும் மொத்தமாக ஓடி மாட்டிக்கொண்டது... எங்கே, எங்கேயோ ஒரு வயர் நேராக இரும்பைத் தொடுகிறது, மெஷினுக்குள் டிரான்ஸ்பார்மரைக் கழற்றினால், இதோ, அதைப் பலகையோடு இறுக்கிய பட்டைக்கு அடியில் நசுங்கிப்போய்ச் செம்பு தெரிய ஒரு வயர், விரல் நகத்தளவுதான். இதற்காகவா பிச்சுமணி சுவரில் மோதினார்? வெட்டி, புது வயர் சேர்த்து, பியூஸ் கட்டி, மறுபடி ஸ்விட்ச். டப் இல்லை. கண்ணாடிக்கு அடியில் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் வரிசையாக எழுந்தன, டெஸ்டரைப் பட்டையில் வைத்தாள், இருட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஈரக் காலோடு புறங்கையை வைத்தாள்... ஒன்றுமில்லை, வெறும் ஜில்லென்ற இரும்பு. இரும்பு இவ்வளவு சுகமாக இருக்குமா?

"நான் ஒருக்கா இழுக்கட்டா?" மலையம்மாள்தான் முதலில் இழுத்தாள், குண்டு பாய்ந்து ஏறி மோதி மணியடித்துத் திரும்பியது, "ஏய் அங்கிட்டுப் போகாத, ஏய் இந்தா, இங்கிட்டு வா" என்று ஆட்டை விரட்டுகிற குரலில் அதட்டி இரண்டு பக்கமும் பொத்தானைக் குத்தினாள், ஸ்யாமளாவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மலையம்மாள் வீட்டுக்குக் கிளம்பிப்போன பிறகு சீதாராமன் வந்தார், வாசலிலேயே நின்றார், "ஷாக் அடிக்காதே?" "தொடுங்கோ." கையை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றவரின் மணிக்கட்டைப் பிடித்து அவளே பட்டையில் வைத்தாள். சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே ஆட ஆரம்பித்தார், ஒவ்வொரு மணிக்கும் ஹோ ஹோ என்று ஒரு சிரிப்பு, இந்தச் சிரிப்பு எங்கே இருந்தது இத்தனை நாள், கல்யாணத்தில்கூட இப்படிச் சிரிக்கவில்லையே... "திங்கட்கிழமையே வண்டி சொல்லிடட்டுமா?" என்று கேட்டார், அவள் வாய் திறந்து, "ஏன்னா, இன்னும் ஒரு வாரம் ஆகும், டெஸ்ட் பண்ணணும்" என்றது. என்ன டெஸ்ட்? ஒரு டெஸ்டும் பாக்கியில்லை, ஏன் அப்படிச் சொன்னேன், அவர் சொன்ன வார்த்தைக்காகத்தானே மூன்று நாள் உழைத்தது, அவர் மானம்... சீதாராமன் குண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "கமிட்டியில ஏன் லேட்டு, என்ன பார்ட் போயிடுத்துன்னு கேப்பா. ஏதாவது ஒரு பேர் சொல்லிக் குடு. பெரிசா, வாயில நுழையாததா."

ஆபீஸிலிருந்து ஒரு குண்டூசிகூட எடுத்து வராத மனுஷர். பெயருக்கா பஞ்சம், லேப் பீரோவில் இருப்பதெல்லாம் வாயில் நுழையாத பெயர்கள்தான், ஆனால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை, அவர் பின்கழுத்தில் வியர்வை மின்னுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஒன்பது வருஷத்தில் இவரிடம் ஒரு பொய்யாவது கேட்டுப் பார்த்திருக்கலாமோ, இன்னும் என்னவெல்லாம் கேட்காமல் விட்டேன்...