முகம் திருப்பிக்கொண்டவள்

பிரபு மரக்காணத்திலிருந்து பாலக்காட்டுக்கு உப்பு லாரி ஓட்டினான். போனால் அங்கே வேறு லோடு கிடைத்துத் திரும்ப ஒரு வாரம், சமயத்தில் பத்து நாள் ஆகும். அந்த நாட்களில் அவன் மனைவி ஜான்சிக்குச் சோறு இறங்காது. உப்புப் பாக்கெட் போடும் ஷெட்டில், ரோட்டில் கேட்கும் ஒவ்வொரு லாரி ஹாரனுக்கும் அவள் கை நின்றுவிடும். இந்நேரம் சேலம் தாண்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆனால் அவன் வாசலில் வந்து நின்றால் அவள் முகம் தானாகத் திரும்பிக்கொள்ளும். தண்ணீர் வைப்பாள், சோறு போடுவாள். அவனை ஏறெடுத்துப் பார்க்க ஒரு நாள் ஆகிவிடும். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷமாக இப்படித்தான்.

2005 ஆகஸ்டில் பிரபு, குஜராத்தில் டிரைவர் வேலை இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும் என்று சொன்னான்.

"நான் வர்றதுதானே உனக்குக் கஷ்டமா இருக்குது."

ஜான்சி தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவள் அம்மா அமராவதி அடுத்த தெருவில் இருந்தாள். பிரபு அவளிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். ஜான்சிக்குப் பத்து மாதமாக இருந்தபோது அமராவதிக்குக் காசநோய் வந்தது. பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டுச் சென்னைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருஷம் கிடந்தாள். குணமாகி வந்து கையை நீட்டியபோது, குழந்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"என்னைப் புடிக்கலைன்னு நெனைச்சிட்டேன் தம்பி. அதுவா வரட்டும்னு தள்ளி நின்னேன். இருவத்திரெண்டு வருசமா தள்ளியேதான் நிக்கிறேன். அவ திரும்பிக்கிட்டான்னு நீங்களும் போயிடாதீங்க."

பிரபு வீட்டுக்கு வந்தான். ஜான்சி அடுப்படியில் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் சொன்னான். உலை கொதித்து அடங்கும்வரை அவள் திரும்பவில்லை. அவனும் எழவில்லை.

"போவாதீங்க," என்றாள் கடைசியில், சுவரைப் பார்த்தபடியே.

அவன் குஜராத்துக்குப் போகவில்லை. பாலக்காட்டிலிருந்து வரும்போதெல்லாம் அவள் இன்னும் முகம் திருப்பிக்கொள்ளத்தான் செய்தாள். அவன் நகராமல் பக்கத்திலேயே இருந்தான். அவள் ஏறெடுத்துப் பார்க்க முன்பு ஒரு நாள் ஆனது, போகப் போக ஒரு மணி நேரமாகக் குறைந்தது.

அவன் போகாமல் நின்ற அந்த ஆகஸ்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து ஜான்சி அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என்னைத் தூக்கியிருக்கலாம்லம்மா."

"தூக்கியிருக்கணும்," என்றாள் அமராவதி. "நீ அழுதிருந்தாலும் தூக்கியிருக்கணும்."

தயங்கித் தயங்கி மகளின் தோளில் கையை வைத்தாள். ஜான்சியின் தோள் விறைத்தது. அமராவதி கையை எடுக்கவில்லை.