மறியலில் நின்ற தோழர்

எண்பத்தேழில் கச்சிராயபாளையத்துத் தையல் கடையொன்றின் பின்னறையில் ஞாயிறுதோறும் சிலர் கூடிப் படிப்பார்கள். அமெரிக்கக் கறுப்பர்கள், தென்னாப்பிரிக்கா, மனிதனை இனம் பிரித்து வைப்பதில் யாருக்கு லாபம் என்றெல்லாம் பேச்சு போகும். ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துத் தமிழில் சொல்பவன் காசிநாதன், கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை. அவன் வாய் திறந்தால் அறையில் சத்தமே இருக்காது.

கரியாலூர் சக்கரவர்த்தி வந்து சேரும்வரை அப்படித்தான் இருந்தது. மலையிலிருந்து கல்லூரிக்கு வந்த பழங்குடிப் பையன். அதிகம் பேசமாட்டான், பேசினால் எல்லோரும் அவன் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

"சந்தையில எங்கள யாரும் பேர் சொல்லிக் கூப்புடறதில்ல. ஏ மலைக்காரா, இங்க வான்னுதான். கறுப்பருங்களப் பத்திப் படிக்கிறப்ப எங்கப்பா மொகந்தான் தெரியுது" என்றான் ஒருநாள். குழுவை நடத்திய அம்சவள்ளி டீச்சருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் தொண்டை வறளப் பேசிய தனக்காக அவர் ஒருமுறையாவது கலங்கியதுண்டா என்று காசிநாதனுக்கு வயிறு எரிந்தது.

கள்ளக்குறிச்சியில் நடக்கவிருந்த இனவெறி எதிர்ப்புக் கூட்டத்தில் பேச டீச்சர் சக்கரவர்த்தியைத்தான் சொன்னார். காசிநாதனின் வாய் முந்திக்கொண்டது.

"அவருக்கு இன்னா, காலேஜ்லயும் கோட்டா, இங்கயும் கோட்டா!"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சக்கரவர்த்தி மெதுவாகக் கேட்டான்: "நீங்க படிச்சிச் சொன்னதுல இதுக்கு இன்னா பேருங்க தோழர்?"

காசிநாதன் எழுந்து போய்விட்டான்.

கூட்டத்தன்று, காசிநாதனின் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். சாதிசனத்தோடு காசிநாதனும் நின்றான். கோரிக்கை நியாயம் என்றே நம்பினான். மலையிலிருந்து வந்த பஸ் நின்றது. இறங்கிய சக்கரவர்த்தியின் சட்டையைக் காசிநாதனின் பெரியப்பா மகன் பிடித்தான்.

"ஏதோ கூட்டத்துக்குப் போய்க்கினு இருக்கானாம். காசி, ஒனக்குத் தெரிஞ்சவனா?"

ஆமாம் என்றால் விட்டிருப்பார்கள்.

"தெரியாது" என்றான் காசிநாதன்.

ஓர் அறை விழுந்தது. சட்டை கிழிந்தது. சக்கரவர்த்தி அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கரும்புத் தோட்டத்து வரப்பில் இறங்கிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் நடந்தான்.

மறியல் ஓய்ந்த பிறகு காசிநாதன் டீச்சரைக் கடைத்தெருவில் பார்த்தான். கூட்டத்தைப் பற்றி அவராகவே சொன்னார்.

"கிழிஞ்ச சட்டையோடதான் மேடை ஏறினாரு. யாரு கிழிச்சதுன்னு கேட்டும் சொல்லல. மொதல்ல ஒங்க பேரத்தான் சொன்னாரு காசிநாதன். இதெல்லாம் எனக்கு வெளங்க வெச்சவரு அவருன்னு. சனம் அப்பிடி கைதட்டிச்சி."

மேடையில் தன்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இந்தப் பெருந்தன்மையும் அவனுக்கே வாய்த்துவிட்டதே என்று நெஞ்சு காந்தியது. அந்தக் கைதட்டல் தன் பேருக்கா, அவன் பேச்சுக்கா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.