பார்வையாளர் நாளில் ஒரு பெட்டி சோயா

எங்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றி இருபது நிமிடத்தில் சொல்லி முடிக்கும் வேலையை இருபத்திரண்டு வருடமாகச் செய்துவருகிறேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, சேர நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைக் கொண்டுவந்த பெற்றோரும் அரங்கில் உட்காருவார்கள். நான் மேடையேறி, என் பெயர் லோர்னா என்று சொல்லி, முதல் படத்தைத் திரையில் போடுவேன். அது மணிக்கூண்டு. மணிக்கூண்டைப் பார்த்து மயங்கி இங்கே சேர்ந்த யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆனாலும் முதல் படம் அதுதான்.

இரண்டாவது படம் வரலாறு. 1862இல் அரசாங்கம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதை விற்று உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டச் சொன்னது என்பேன். அந்த நிலம் அதற்குமுன் வேறு மக்களுடையது, அவர்களை யாரும் கேட்கவில்லை என்ற வாக்கியத்தை ஆறு வருடத்துக்கு முன் சேர்த்தோம். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு குழு பதினான்கு மாதம் கூடியது. அதைச் சொல்லும்போது அரங்கில் ஒருவரும் அசைவதில்லை. மூன்றாவது படம் எங்கள் மாட்டுப் பண்ணையின் ஐஸ்கிரீம். அதற்கு எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இந்த இரண்டு படங்களுக்கும் பங்கு உண்டு.

ஐந்தாவது படத்தில், "இந்தப் பல்கலைக்கழகம் இந்த மாநிலத்தில் வாழும் ஒவ்வொருவருக்கும் சொந்தம்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். கை வைப்பது நானாகச் சேர்த்துக்கொண்டது.

போன ஜூலையில் அப்படிக் கை வைத்துக்கொண்டிருந்தபோது நான்காவது வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். விதை நிறுவனத்தின் தொப்பி, கழுத்தில் வெயில் போட்ட சிவப்புக் கோடு, மடியில் ஒரு குளிர்பெட்டி. மதியச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். கேள்விகளுக்குக் கடைசியில்தான் நேரம். ஆனால் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"எல்லாருக்கும் சொந்தம்னு சொன்னீங்களே, அது நிஜமா, பேச்சுக்கா?"

"நிஜம்தாங்க."

"அப்ப சரி. என் பேரு வெர்லின் ஸ்டூர். என் சோயா இலையெல்லாம் கிண்ணம் மாதிரி குவிஞ்சு கெடக்கு. யாரு பண்ண வேலைன்னு சொல்றதுக்கு இங்க ஆள் இருக்கா?"

அரங்கு திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பெண், பதினேழு வயது இருக்கும், நாற்காலிக்குள் எவ்வளவு இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கினாள்.

"இது எம் பொண்ணு, கொரின்" என்றார் அவர், அவள் ஒளிந்துகொள்ள வழியில்லாமல். "பயிர் படிப்பு படிக்கணுமாம். ஊர்லயே, பதினாறு மைல்ல ஒரு காலேஜ் இருக்கு. நான் ஒண்ணுதான் சொன்னேன். என் சோயாவுக்கு என்ன ஆச்சுன்னு அந்தப் பல்கலைக்கழகத்துக்காரங்க சொல்லிட்டா நீ அங்க போ. சொல்லத் தெரியலைன்னா அவங்ககிட்ட நாலு வருஷம் என்னத்தக் கத்துக்கப் போற."

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடத்தில் என் பேச்சைக் கேட்டு, அது உண்மையா என்று சோதிக்க நினைத்த முதல் ஆள் இவர்தான். எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கூட்டத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வளாகத்தைச் சுற்றிக்காட்டும் மாணவ வழிகாட்டிகளிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டு, அப்பாவையும் மகளையும் நானே செடி மருத்துவகத்துக்குக் கூட்டிப் போனேன். மாநிலத்தில் யார் வேண்டுமானாலும் நோய் வந்த செடியைக் கொண்டுவந்து காட்டலாம். என் எட்டாவது படத்தில் அது ஒரு வரி.

வழியெல்லாம் அவர் குளிர்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தியபடி நடந்தார். செய்தது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வயல்காரர் லைல் டோஸ்டல்.

"அவன் மக்காச்சோளத்துக்கு மருந்து அடிச்சான். காத்து என் பக்கம் தள்ளிருச்சு. கூட்டுறவுக் கடையில வெச்சு நாலு பேர் முன்னாடி கேட்டேன். இல்லேங்குறான்."

"இப்ப பேச்சு இருக்கா?"

"விரல் கூடத் தூக்குறதில்ல."

எங்கள் பக்கத்தில் எதிரே வரும் வண்டிக்கு, ஓட்டுபவர் யாராக இருந்தாலும், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம். விவாகரத்து ஆனவர்கள்கூடத் தூக்குவார்கள். அதை நிறுத்துவது சாதாரண விஷயம் இல்லை.

கொரின் என் பக்கம் ஒட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அவங்க எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருவாங்களா மேடம்?"

"பெரும்பாலும் கண்டுபிடிச்சிருவாங்கம்மா. கவலப்படாத."

அவளைத் தேற்றியதாக நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருட அனுபவம்.

செடி மருத்துவகத்தில் வாண்டா க்ரீபெல் உருப்பெருக்கிமேல் குனிந்திருந்தாள். வாண்டாவும் நானும் இங்கே ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவளைப் பெற்றோர் கண்ணில் படாமல் வைத்திருப்பது என் வேலையின் எழுதப்படாத பகுதி. பொய் சொல்லத் தெரியாதவள் என்றால் போதாது, உண்மையைக் கொஞ்சம் தள்ளிப்போடவும் தெரியாதவள்.

"வா லோர்னா. என்ன, வழி தவறிட்டியா?"

வெர்லின் பெட்டியைத் திறந்தார். வேரோடு பிடுங்கிய ஆறு செடிகள், ஈரக் காகிதத்தில் சுற்றி, அழகாக இருந்தன. வாண்டாவின் முகம் மலர்ந்தது.

"இப்படித்தான் கொண்டுவரணும். பாதிப் பேர் ஒரு இலையக் கிள்ளி, சட்டைப் பையில போட்டுட்டு வருவாங்க." ஒரு செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மக்காச்சோளத்துக்கு அடிக்கிற களைமருந்துதான். சந்தேகமே இல்ல."

"நான் சொல்லல?" என்றார் வெர்லின் என்னிடம். "எழுதிக் குடுப்பீங்களா? சீல் வெச்சு?"

"எந்த வழியா வந்துச்சுன்னு பாத்துட்டு எழுதுறேன். இந்தாங்க, வயல வரைங்க."

அவர் காகிதத்தில் ஒரு சதுரம் போட்டார். மேற்கே டோஸ்டல், கிழக்கே தன் வீடு, கொட்டகை, வாசல். எங்கே பாதிப்பு அதிகம் என்று வாண்டா கேட்டாள். பென்சில் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கிழக்கு வாசலை ஒட்டி நிழலடித்தார்.

"டோஸ்டல் வயல் மேற்குலல்ல இருக்கு?"

"ஆமா."

"அங்கேயிருந்து காத்துல வந்தா மேற்கு ஓரம்தான் முதல்ல அடி வாங்கும். மேற்கு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"நீங்க சோயாவுக்கு மருந்து அடிச்சப்போ எங்கேயிருந்து ஆரம்பிச்சீங்க?"

"வாசல்லேருந்து."

"முதல் டேங்க் மருந்து அடிச்ச இடம் குவிஞ்சிருக்கு. அடுத்த டேங்க் அடிச்ச இடம் நல்லா இருக்கு. அப்படித்தானே?"

வெர்லின் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அதுக்கு முந்தி அந்த டேங்க்ல என்ன இருந்துச்சு?"

"என் மக்காச்சோளத்துக்கு அடிச்ச மருந்து."

"நடுவுல எத்தன தடவ கழுவுனீங்க?"

நான் தற்செயலாகத்தான் கொரினைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அரங்கில் நான் பார்த்தது வெட்கம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"கொரின், அந்தப் பெட்டிய மூடு" என்றார் வெர்லின், திரும்பாமலே. பிறகு வாண்டாவிடம் சொன்னார். "நான்தான் கழுவுனேன். ஒரு தடவ."

"மூணு தடவ கழுவணும்னு கேன் மேலயே போட்டிருக்கே."

"போட்டிருக்கு."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டுமா?"

"ஆமாங்க. படிச்சுட்டும்."

வாண்டா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டேங்கில் மிச்சமிருந்த பழைய மருந்துதான் காரணம், செடி பிழைத்துக்கொள்ளும், விளைச்சல் கொஞ்சம் குறையும் என்றாள். படிவத்தை நிரப்பினாள். டேங்க் கழுவியவர் பெயர் என்ற இடத்தில் வெர்லின் ஸ்டூர் என்று எழுதினாள். அறிக்கையின் நகல் வேறு யாருக்காவது அனுப்ப வேண்டுமா என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு. அதை யாரும் நிரப்பி நான் பார்த்ததில்லை. வெர்லின் பேனாவை வாங்கி, லைல் டோஸ்டல் என்று எழுதி, முகவரியையும் எழுதினார். அஞ்சல் எண்ணை யோசிக்கவே இல்லை, அவருடையதும் அதேதான்.

"இத சீல் வெச்சே அனுப்புங்க" என்றார்.

வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் மூவரும் நடந்தோம். நான் திரும்பிப் போயிருக்கலாம். மரியாதை தெரிந்தவர்கள் போயிருப்பார்கள். வெர்லின் தன் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கிப் பெட்டியை வைத்தார். கொரின் அங்கேயே நின்றாள்.

"அப்பா, டேங்கக் கழுவுனது நான்தானே."

"தெரியும்."

"தெரியுமா?"

"கொட்டகைக்குப் பின்னாடிதான நின்னுட்டு இருந்தேன். ஒரு தடவதான் தண்ணி சத்தம் கேட்டுச்சு. அப்பறம் நீ வீட்டுக்குள்ள ஓடுன. அது போதும்னு நானும் விட்டுட்டேன்."

"அன்னிக்குப் பத்து மணிக்கு இந்தப் பார்வையாளர் நாளுக்குப் பதிவு தொறந்தாங்கப்பா. ஒரு மணி நேரத்துல இடம் நெறஞ்சிரும்னு போட்டிருந்துச்சு. பதிஞ்சுட்டு வந்து மிச்ச ரெண்டு தடவ கழுவலாம்னுதான் போனேன். வந்து பாத்தா நீங்க டேங்க ரொப்பிட்டு வயலுக்குப் போயிட்டீங்க."

அந்த வாக்கியத்தை எழுதியவள் நான். உண்மையில் இடம் நிறைய எட்டு நாள் ஆனது. அவசரப்படுத்தினால்தான் ஆள் வரும் என்று ஒரு கருத்தரங்கில் யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியது.

"தெரிஞ்சும் ஏம்ப்பா லைல் மாமாவப் போட்டு அப்படிப் பேசுனீங்க?"

வெர்லின் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அவனும் அதே வாரம்தான் மருந்து அடிச்சான். அவனா இருந்துட்டா தேவலைன்னு நெனச்சேன். நெனச்சு நெனச்சு அப்படியே நம்பிட்டேன். இன்னிக்கு இதத் தூக்கிட்டு வந்ததே, உன்னப் பத்தி நான் நெனச்சது பொய்யாப் போகட்டும்னுதான்."

கொரின் அழுதாள். சத்தம் இல்லாமல், நின்ற இடத்திலேயே.

"நான் இங்க வரலப்பா. ஊர்லயே படிக்கிறேன். எனக்கு ஒரு டேங்கக்கூட ஒழுங்காக் கழுவத் தெரியல."

வெர்லின் என்னைப் பார்த்தார்.

"உங்க பேச்சு எத்தனாவது படத்துல நின்னுச்சு?"

"அஞ்சாவதுல."

"மிச்சத்தச் சொல்லுங்க."

"இங்கயா?"

"இதுவும் எங்களுக்குச் சொந்தமான எடம்தானே."

சொன்னேன். படம் இல்லாமல், மணிக்கூண்டு இல்லாமல், பிக்கப்பின் பின்கதவுக்கு முன்னால் நின்று, ஆறாவது படத்திலிருந்து பன்னிரண்டாவது வரை. விடுதி அறையில் இரண்டு பேர், நூலகம் தினமும் உண்டு, மாநிலத்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் எங்கள் கிளை அலுவலகம், விலாவில் ஜன்னல் வைத்த பசு ஒன்று, அதன் வயிற்றுக்குள் கை விட்டுப் பார்க்கலாம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கொரின் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே கேட்டாள். பழக்க தோஷம், கடைசியில் நான் வழக்கமான வரியையும் சொன்னேன்.

"கேள்விகள் ஏதாவது உண்டா?"

"ஒண்ணு" என்றார் வெர்லின். "டேங்க் கழுவச் சொல்லித்தர்ற வகுப்பு இருக்கா?"

"இருக்குங்க. களைக் கட்டுப்பாடு, செய்முறை. ரெண்டாவது வருஷம்."

"முதல் வருஷமே எடுக்க முடியாதா?"

"பேராசிரியர் கையெழுத்துப் போட்டா எடுக்கலாம்."

"போடச் சொல்லுங்க." மகள் பக்கம் திரும்பினார். "சோயாவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லிட்டாங்கல்ல. சொன்னது சொன்னதுதான். ஏறு வண்டியில. தபால் போறதுக்கு முன்னாடி நாம லைல் வீட்டுக்குப் போயிரணும். நான் பேசிக்கிறேன், நீ பக்கத்துல நின்னாப் போதும்."

"நான் சொல்றேன்ப்பா. நாந்தானே பண்ணேன்."

அவர் பின்கதவைத் தூக்கி மூடினார்.

"பாதி நீ சொல்லு. கடையில வெச்சுக் கத்துனது நான். அந்தப் பாதி என்னோடது."

வண்டி என்னைத் தாண்டியபோது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது. எனக்கு ஸ்டியரிங் இல்லை, இருந்தாலும் நானும் ஒரு விரலைத் தூக்கினேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் இணையதளத்தைத் திறந்து, ஒரு மணி நேரத்தில் இடம் நிறைந்துவிடும் என்ற வாக்கியத்தை எடுத்தேன். எதற்காக என்று மேலாளர் கேட்டார். அது உண்மை இல்லை என்றேன். அதற்கு ஒரு குழு கூட வேண்டாமா என்றார். நான்தான் எழுதினேன், நானே கழுவிக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. அடுத்த பார்வையாளர் நாளுக்கு இடம் நிறைய ஒன்பது நாள் ஆனது, முன்பைவிட ஒரே ஒரு நாள் அதிகம்.