முயலுக்கு ஒரு கெட்ட குணம்

என் கணவர் பிழைப்புக்குக் கார்ட்டூன் எழுதுகிறார். காட்டு மிருகங்கள் பேசும், சேட்டை செய்யும், ஒன்றையொன்று ஏமாற்றும், கடைசியில் எல்லாம் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சிரிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் எல்லாம் அந்தத் தொடர்தான் ஓடுகிறது. "இதையெல்லாம் எப்படித்தான் யோசிக்கிறாரோ!" என்று என் அலுவலகத்தில் வியந்துபோவார்கள். அவர் எங்கே யோசித்தார்? அவருக்கு ஒரு வீடு இருக்கிறது, வீட்டில் நாங்கள் இருக்கிறோம், வந்து போகிற சொந்தங்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கரடி என் மாமனார். "எனக்கு ஒண்ணும் வேணாம், வயிறு சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்கிற கரடி. நரி என் நாத்தனார். நம்மிடம் இரவல் வாங்கிப் போன பொருளை வண்ணத்தாள் சுற்றி நமக்கே பரிசாகத் தருகிற நரி. அணில் நான். எதையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, வைத்த இடத்தை மறந்துவிடுகிற அணில். வீட்டுச் சாவியை மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டு நான் வீட்டையே தலைகீழாக்கிய அடுத்த வாரம், அணிலும் சாவியைத் தேடிக் காட்டையே கலக்கியது.

"அணிலுக்கு எதுக்குங்க வீட்டுச் சாவி?" என்று கேட்டேன்.

"அது கற்பனை. உனக்கு ஏன் குத்துது?" என்றார்.

குத்தத்தான் செய்தது. நாலு பேர் சிரிக்க என்னைக் கொண்டுபோய் விற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது நீ இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. 'ஆமாம், உன்னைத்தான் எழுதினேன்' என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லட்டும், போதும் என்றிருந்தேன்.

மற்ற இரண்டு பேருக்கும் இந்த வேதனையே கிடையாது. மாமனார் கரடியைப் பார்த்துத் தொடையைத் தட்டிச் சிரிப்பார். "இந்தக் கரடி அப்படியே உங்கப்பாதாம்மா" என்று என்னிடமே சொல்வார். நாத்தனாரைக் கேட்டால் நரி அவளுடைய மாமியார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இந்தக் குடும்பத்தில் அடுத்தவர் முதுகு மட்டும் எல்லோருக்கும் மச்சத்தோடு தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு முயல் உண்டு. சாதுவான முயல். சண்டை வந்தால் சமாதானம் செய்யும், பிறர் துன்பம் கண்டால் கண் கலங்கும். அது யார் என்று நான் கேட்கவே இல்லை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று முயலின் வசனத்தை அவர் உருகி உருகிச் சொல்லிப் பார்த்ததை ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

அவருடைய அலுவலகத்தில் ஒரு வழக்கம். சுவர்ப்பலகையில் ஒவ்வொரு மிருகத்தின் படத்துக்குக் கீழேயும் மூன்று குணங்களை எழுதி ஒட்டுவார்கள். இரண்டு நல்லது, ஒன்று கெட்டது. சிரிப்பு வருவது அந்தக் கெட்டதிலிருந்துதான் என்பது அங்கே சட்டம். முயலுக்குக் கீழே மட்டும் மூன்றும் நல்லது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்று, மனிதர் அதைச் சாதித்து வைத்திருந்தார்.

புதிய பாகம் வெளிவருமுன் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆள் குறைகிறது என்று எங்கள் மகளையும் கூட்டிவரச் சொன்னார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தொடரின் இயக்குநர் அம்மாவும் நாங்கள் இருவரும். அந்தப் பக்கம் தரையில் மெத்தைகள் போட்டுக் குழந்தைகள். கரடி வந்ததும் ஒரே கூச்சல். நரிக்கு ஒரு பையன் எழுந்து நின்று குதித்தான். அணிலுக்கும் நல்ல சிரிப்பு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு முயல் வந்தது. ஒருத்தி தன் ஷூவைக் கழற்றி மோந்து பார்த்தாள். மூன்று பேருக்குச் சொல்லிவைத்தாற்போல் ஒண்ணுக்கு வந்தது. எங்கள் மகள் குப்புறப் படுத்துவிட்டாள்.

இயக்குநர் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "முயலுக்கு ஒரு கெட்ட குணம் வேணும் சார். திங்கக்கிழமை கொண்டு வாங்க. இல்லன்னா வேற ஆள வச்சு எழுதிக்கறேன்."

அன்றிலிருந்து வீட்டில் சோறு இறங்கவில்லை, அவருக்கு. யோசித்தார், நடந்தார், நகத்தைக் கடித்தார். எவ்வளவு தேடியும் முயலிடம் ஒரு குறைகூட அகப்படவில்லை. கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்து இயக்குநருக்குப் போன் செய்தார். "அளவுக்கு மீறி அன்பு காட்டும் மேடம். அதுதான் அதோட குறை."

"நீங்க என்ன, வேலை இன்டர்வியூவுக்கா வந்திருக்கீங்க?" என்று அந்தம்மா கேட்டது அடுப்படி வரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் தன் அப்பாவையும் தங்கையையும் வரவழைத்தார். கூடத்தில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார். "என்கிட்ட ஏதாவது குறை இருந்தா தயங்காம சொல்லுங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

தயங்குவதா? மாமனார் பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டே தொடங்கினார். "யார் பேசினாலும் நீ பாதியில எழுந்து போயிடுவ."

"அது, தோணினத உடனே எழுதி வைக்கணும்பா. அதுக்குப் பேரு உழைப்பு."

"அழுதா ஆறுதலே சொல்ல மாட்ட அண்ணா. மூஞ்சியையே பாத்துட்டு இருப்ப" என்றாள் நாத்தனார்.

"அது அக்கறை!"

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கறையும் இல்ல, உழைப்பும் இல்ல. இந்த வீட்டுல யாராவது வாயத் திறந்தா நீங்க காதத் திறக்கறீங்க. ஒளிஞ்சு நின்னு ஒட்டுக்கேட்டு, அத வெளிய கொண்டுபோய் வித்துட்டு வந்து, அது நீங்க யாரும் இல்லன்னு சத்தியம் பண்றீங்க. மாமா சாப்பிடறத, இவ பரிசு குடுக்கறத, என் சாவிய, எல்லாத்தையும்."

மாமனார் அடுத்த பிஸ்கட்டுக்கு நீட்டிய கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார். "அப்போ... அந்தக் கரடி உங்கப்பா இல்லையாம்மா?"

"அப்ப நரி யாரு?" என்றாள் நாத்தனார். எல்லோரும் அவளையே பார்த்தோம். அவள் முகம் மெல்லச் சிவந்தது.

என் கணவர் இப்போதாவது தலைகுனிவார் என்று பார்த்தேன். அவர் முகமோ பளிச்சென்று ஆகிவிட்டது. "ஒட்டுக்கேக்கற முயல்! அட, இது நல்லா இருக்கே. கொஞ்சம் இரு, இன்னொரு தடவ சொல்லு" என்று பேனாவைத் தேடினார்.

முயல் பிழைத்தது. புதருக்குப் பின்னால் காதை விடைத்துக்கொண்டு நிற்கும். கேட்டதைக் கண்ணீர் மல்கக் காடு முழுக்கச் சொல்லிவிட்டு, "நான் யாரையும் சொல்லல" என்று சாதிக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் உருண்டு புரண்டார்கள். அவருடைய வேலையும் தப்பியது. நான் கேட்க ஆசைப்பட்டதை அவர் ஒப்புக்கொள்ளவும் செய்தார், முயலை வைத்து, ஊருக்கெல்லாம் டிவியில். எங்களிடம் மட்டும் சொல்லவில்லை.

வீடுதான் வாயை மூடிக்கொண்டது. மாமனார் வந்தால் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். நாத்தனார் வாங்கிப் போனதையெல்லாம் ஒரு பையில் போட்டு, தாள் எதுவும் சுற்றாமல், வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நான் சாவியை ஆணியில் மாட்டப் பழகிவிட்டேன். எழுத ஒன்றும் கிடைக்காமல் அவர் அறை அறையாக நடக்கிறார்.

நேற்று மாலை மகள் என் மடியில் முகத்தைப் புதைத்து விசும்பிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ அவமானம். பாதி சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"முயல் வருதும்மா" என்றாள் மெதுவாக.

அவர் வாசல்படியில் நின்றிருந்தார். அதுவும் காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. "அப்பாகிட்ட சொல்ல மாட்டியாடா கண்ணு?" என்றார். குரல் நிஜமாகவே உடைந்திருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சொன்னா எந்த மிருகத்துக்குக் குடுப்பீங்க?"

"எதுக்கும் குடுக்க மாட்டேன்டா. சத்தியமா."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, இரக்கமும் வந்தது. நம்பலாமா என்பது மட்டும் தெரியவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அவர் காலடி நகர்ந்து போகிற சத்தத்துக்காக நானும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். வெகு நேரமாகியும் அந்தச் சத்தம் கேட்கவே இல்லை.